எட்டு நாளைக்குப் பாதி

கழுத்தில் இருப்பது கேன்சர் என்று சொன்ன டாக்டர், கூடவே, "இது நல்ல வகை, கவலைப்படாதீங்க" என்றும் சொன்னார். இதில் நல்ல வகை வேறு இருக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. நான் பிழைத்து, இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். செத்தது அம்மாதான், அதுவும் வேறு நோயில். அப்போது நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது கண்டபடி திட்டிவிடுவேனோ என்று பயம்.

முதலில் தைராய்டை வெட்டி எடுத்தார்கள். எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பில் ஏதோ அடிபட்டுவிட்டது. நான் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அந்தத் தொண்டையிலிருந்து இப்போது கரகரவென்று ஏதோ ஆம்பளைக் குரல் வந்தது. அடுத்த சிகிச்சைக்காகத் தைராய்டு மாத்திரையையும் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். அதில் முகம் பூரி மாதிரி உப்பிப்போனது. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் கதிரியக்க அயோடின். கனமான ஈயக் குப்பியிலிருந்து ஒரே ஒரு மாத்திரை. அதை நான் விழுங்கியதும் நர்ஸ் எட்டிப் போய் நின்றுகொண்டார். தனி அறை, தனிக் கழிப்பறை, சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று உயிரை எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் வந்து என் முன்னால் ஒரு மீட்டரை நீட்டிப் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கொடுத்த மருந்தின் அளவு நூறு என்று அதில் போட்டிருந்தது. வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் மருந்து வெளியே வரும், அதனால் தனித் தட்டு, தனிப் படுக்கை. மாத்திரை போட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்குக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கமே போகக் கூடாது. இந்த மருந்து எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்று நர்ஸ் போகிறபோக்கில் சொன்னார். அன்றைக்கே போனில் தம்பியிடம் அதை நான் சொன்னேன்.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில், தொழிற்சாலை எஸ்டேட்டை ஒட்டிய தெருவில், மாடியில் இருக்கிறது. மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டுக்காரர் ஹாலில் பாய் போட்டுக்கொண்டார், எனக்கு உள் அறை. தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓடுகிற சத்தம் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும். நானும் அப்படி ஒரு பிரஸ்ஸில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள்தான். இடது கை ஆள்காட்டி விரலின் நுனியை அதற்குத்தான் கொடுத்தேன். அதனால் சத்தம் ஒன்றும் செய்யவில்லை. சும்மா கிடப்பதுதான் கொடுமையாக இருந்தது.

அம்மா ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் தம்பி வீட்டில் இருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில்தான் அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தது. இந்த உடம்பு டயாலிசிஸ் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கண்ணில் ஏற்கெனவே புரை. தம்பி வீடு ஒரு ஹால், ஒரு அறை, அவ்வளவுதான். அம்மாவைத் துடைத்துவிடுவது, சேலை மாற்றுவது, ஊட்டுவது எல்லாமே தம்பி மனைவி. அவள் அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை தம்பி அவளைக் குடம் தூக்கக்கூட விடுவதில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் ஒரு சிஎன்சி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். செய்து வருகிற பீஸை அளந்து, அளவு மயிரிழை கூடியிருந்தாலும் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவான். முதலாளியே வந்து நின்றாலும் அதைத் திரும்ப எடுக்க மாட்டான். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் அங்கே சம்பளம். நான் வீட்டுக்கு வந்த அன்றே அவன் நெட்டில் ஒரு கால்குலேட்டரைத் தேடிப் பிடித்துவிட்டான். ஆரம்ப அளவு, அரை ஆயுள், கழிந்த நாட்கள் என்று மூன்று கட்டம். மூன்றையும் நிரப்பினால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். கீழே ஒரு வளைகோடும் போட்டுக் காட்டும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, உடனே போனும் போட்டான்.

"அக்கா, இன்னும் எழுவத்தேழு கீது."

"அதுக்கு இன்னாடா இப்போ?"

"ஒண்ணுமில்லக்கா. சொம்மா தெரிஞ்சிக்கினா நல்லதுதானே."

அதற்கப்புறம் தினமும் காலையில் ஒரு படம் வந்துவிடும். குட்மார்னிங் பூவுக்குப் பதில் வளைகோடு. எழுபத்தொன்று, அறுபத்தைந்து, அறுபது, ஐம்பத்தைந்து. வேறு வேலை இல்லாததால் நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து நாட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோடு முதலில் விறுவிறு என்று இறங்குகிறது. அப்புறம் அதற்குச் சோம்பேறித்தனம் வந்துவிடுகிறது. தரையை ஒட்டி ஊர்ந்துகொண்டே போகிறதே தவிர, எத்தனை நாள் போட்டாலும் தொடமாட்டேன் என்கிறது. என் உடம்புக்குள் இப்படி ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

அங்கே அம்மா என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தாள். பாப்பா எங்கே, பாப்பா ஏன் வரவில்லை. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார்கள். சரி என்றாள். வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் இப்போது இங்கே வர முடியாது என்றார்கள். அதோடு அம்மாவின் கேள்வி நின்றுவிட்டது. எனக்கு வந்தது கேன்சர் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பெண் பெற்றவளைப் பார்க்க வராமல் இருப்பாளா? பெண் போய்விட்டாள், கிழவி தாங்கமாட்டாள் என்று மறைக்கிறார்கள். அம்மா அப்படி முடிவு கட்டிவிட்டாள்.

அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. எங்கள் பக்கம் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களிடம் சாவுச் செய்தியைச் சொல்ல மாட்டார்கள். அதில் கை தேர்ந்தவளே அம்மாதான். பெரியம்மா படுக்கையில் கிடந்தபோது, அவர் மகன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அம்மாதான் தெருவையே கூட்டிவைத்து, யாரும் மூச்சு விடக் கூடாது என்று கண்டிஷன் போட்டாள். பையன் துபாயில் இருக்கிறான் என்று கதை கட்டினாள். வேறு ஒரு பையனைப் பிடித்து, போனில் "எம்மா, நல்லா கீறியா" என்று பேச வைத்தாள். குரல் மாறியிருக்கிறதே என்று பெரியம்மா கேட்டதற்கு, ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்ததும் அம்மாதான். பெரியம்மா கடைசிவரை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நிம்மதியாகப் போனாள் என்று அம்மா பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளிடம் நான் இந்தக் கரகரக் குரலோடு போனில் பேசினேன்.

"எம்மா, நான்தாம்மா."

தம்பி வீடியோவைப் போட்டு அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என்னுடைய உப்பிப்போன மூஞ்சி அவளுக்கு என்னவாகத் தெரிந்ததோ.

"யார்றா இது? குரலு ஆம்பள குரலாட்டம் கீது."

"ஆப்பரேசன்ல தொண்ட கெட்டுப்போச்சும்மா. சத்தியமா நான்தாம்மா."

"நானும் இப்படித்தான் ஒருத்தன பேச வெச்சேன்" என்றாள் அம்மா. கோபமே இல்லை அவள் குரலில். அதுதான் என்னைக் கொன்றது. "எம் பொண்ணுன்னா அந்த விரலக் காட்டச் சொல்லு."

இடது கையைத் தூக்கி, அறுந்த விரலைக் கேமரா முன்னால் பிடித்தேன். அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டிப் போனைத் தடவிப் பார்த்தாள். மேலும் கீழும் தடவினாள்.

"வெறும் கண்ணாடிதான் கீது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் போனைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டு ஓவென்று அழுதேன். அழுகைகூடக் கரகரவென்றுதான் வந்தது. வீட்டுக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அழாதடி, தொண்டைக்கு ஆவாது" என்றார். தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அவள் என்னைத் தொட வேண்டும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். அதற்கு அவளிடம் அதிக நாள் இல்லை.

தம்பியிடம் கெஞ்சினேன். தம்பி மனைவியை ஒரு பத்து நாள் பூந்தமல்லியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு, அம்மாவை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு மணி நேரம் அவள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்தால் போதாதா என்றும் கேட்டேன். போதாது என்றான். "நீ அம்மாவத் தொடுவ. உன் வேர்வ அம்மா மேல படும். அப்பால அம்மாவத் தொடச்சிவிடறது யாரு? அவதானே?" அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தாளிலேயே வியர்வை என்று போட்டிருந்தது.

தம்பி மனைவி தங்கமான பெண். நான் போகிறேன் என்று அவளே சொன்னாள். அவள் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. வளைகாப்பு போடாமல் பிள்ளைத்தாச்சிப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தால், மாமியார் வீட்டில் ஏதோ சண்டை, துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசுமாம். எங்களில் வளைகாப்பு ஏழாம் மாதம், விட்டால் ஒன்பது. ஐந்தில் போட முடியாது. சரி, எங்கள் அம்மா சொன்னால் கேட்பார்கள் என்று பார்த்தால், அம்மாவே படுக்கையிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "வளகாப்பு போடாத மருமவள அனுப்பிச்சான்ற பேரு சாவப்போற நேரத்துல எனக்கு வாணாம்." எதற்காக அனுப்பச் சொல்கிறோம் என்று தம்பி விளக்கியிருக்கிறான். செத்துப்போன பெண் வந்து தன்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்?

இரண்டு வாரம் முடிந்தது. அன்று காலையில் தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, ஆவடிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ. தம்பி வாசல் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். நான் வருவதை எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டிருக்கிறார். தம்பி கையில் போன்.

"இன்னும் முப்பது கீதுக்கா."

"ரெண்டு வாரம்னு தாள்லயே போட்டுகீறாங்க. ஆஸ்பத்திரிக்காரன விட உனக்குத் தெரியுமா?"

"அவங்க எல்லாத்துக்கும் ஒரே கணக்கா போடுவாங்க. எனக்கு ரெண்டு தபா போயிருக்குக்கா. ஒரு பர்சென்ட்டுக்குக் கீழ வந்துட்டா நீ தாராளமா வா. நானே வந்து கூட்டிகினு வரேன்."

ஒரு சதவீதத்துக்குக் கீழே என்றால் எவ்வளவு நாள் என்று நானும் அந்தக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தவள்தான். கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

"அது வரைக்கும் அம்மா கெடக்குமாடா, பாவி?"

அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். குவாலிட்டி பார்க்கிறவன் அழுது நான் பார்த்ததே இல்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவன் மனைவி, "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வயிறு லேசாக மேடு தட்டியிருந்தது. "உள்ள போ!" என்று அவன் கத்தினான். அவன் கத்துவதற்கு முன்னாலேயே நான் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. அந்த முப்பது என் மண்டைக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருந்தது.

அம்மா கட்டில் ஜன்னலோரம். சந்துப் பக்கமாகப் போய் ஜன்னலுக்கு வெளியே, கை எட்டாத தூரத்தில் நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் என் முதுகுப் பக்கம் இருந்தது. அவளுக்கு ஒரு நிழல்தான் தெரிந்திருக்கும்.

"யாரு, என் தங்கச்சி பொண்ணா?" என்றாள். "ஒசரம் அவளாட்டமே கீது."

"எம்மா, நான் பாப்பாம்மா."

"இருக்கட்டும்மா. அவனுங்க சொல்லிக் குடுத்தத சொல்ற. உன்மேல தப்பில்ல. வெயில்ல நிக்காத, ஊட்டுக்குப் போ. நல்லா இரு."

எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் படம் வரவில்லை. போன்தான் வந்தது. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். நானும் வீட்டுக்காரரும் போய் இறங்கும்போது ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி அங்கே இல்லை. பிள்ளைத்தாச்சி இழவு வீட்டில் இருக்கக் கூடாது என்று தெருப் பெண்கள் சொல்ல, அம்மாவைக் குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே அவளை ஆட்டோவில் ஏற்றிப் பூந்தமல்லிக்கு அனுப்பியாகிவிட்டது. வளைகாப்பைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மாவும் வாசலில் நின்று கூட்டிக்கொண்டாளாம். இதை முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். என் கத்தல் யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையில் காற்றுதான் வந்தது.

"உள்ள போக்கா" என்றான் தம்பி. கையில் போன் இல்லை.

உள்ளே போய் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மூஞ்சியோடு மூஞ்சி வைத்தேன். நுனி அறுந்த என் குட்டை விரலை எடுத்து அவள் உள்ளங்கைக்குள் வைத்து, அவள் விரல்களை நானே மூடினேன். மூடினால் திறந்துகொண்டன. சுற்றி இருந்த பெண்கள் என்னைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. ஸ்கேனில் நல்லபடியாக வந்திருக்கிறது என்றார்கள். அந்த மீட்டரை வைத்து அளக்கிற பிரிவில் ஒரு சின்ன வயதுப் பெண் இருந்தார், கதிர்வீச்சுக் கணக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறவர். எனக்கு மனசு கேட்கவில்லை. என் போனில் தம்பி அனுப்பிய படத்தைக் காட்டி, இரண்டு வாரத்தில் முப்பது மிச்சம் இருந்ததே, அப்புறம் எப்படி நீங்கள் இரண்டு வாரம் போதும் என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது பாட்டில்ல வெச்சு மூடின மருந்துக்குப் போடற கணக்கும்மா" என்றார். "மருந்து தன்னால குறையறது ஒரு பக்கம். உங்க உடம்பு அதை வெளிய தள்றது இன்னொரு பக்கம். எதுக்கு அவ்வளவு தண்ணி குடிக்கச் சொன்னோம்? உங்களுக்குத் தைராய்டே எடுத்தாச்சு. பிடிச்சு வெச்சுக்க இடமே இல்ல. பெரும்பங்கு முதல் ரெண்டு மூணு நாள்லயே இங்க பாத்ரூம்ல போயிடுச்சு."

அந்தப் பக்கத்தையே திறந்து, மூன்று கட்டத்துக்கும் கீழே இருந்த இன்னொரு கட்டத்தைக் காட்டினார். மருந்து உடம்பை விட்டு வெளியேறுகிற வேகத்தை அதில் போட வேண்டுமாம். கட்டாயமில்லை என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததால் தம்பி அதை விட்டிருக்கிறான். என் மாதிரி உடம்புக்குச் சுமாராக இவ்வளவு என்று ஒரு எண்ணைப் போட்டார். கோடு செங்குத்தாக விழுந்தது. நான் தம்பி வீட்டு வாசலில் நின்ற நாளைப் போடச் சொன்னேன். ஒரு சதவீதம்கூட இல்லை.

"ரெண்டு வாரம்கறதே எல்லாருக்கும் பத்திரமா இருக்கட்டும்னு கூட்டிப் போட்டதும்மா" என்றார். "ஏன், ஏதாவது பிரச்சினையா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தம்பி வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான், ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று கேட்க. மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன், ஒன்று விடாமல் சொன்னேன். அவன் போனை எடுத்து அந்த நாலாவது கட்டத்தை நிரப்பிப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "அம்மா கடைசில தண்ணிகூட வாயில வாங்கல. உண்மையச் சொல்லு, அப்பதான் குடிப்பேன்னுச்சு. அக்கா உயிரோடதான் கீதுன்னு எத்தினியோ தபா சொன்னேன். பல்ல கடிச்சிகினு திரும்பிக்கும். நாக்கெல்லாம் வறண்டுபோச்சுக்கா. என்னால பாக்க முடியல. ஆமாம்மா, அக்கா செத்துப் பூட்சுன்னு சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஒடனே வாயத் தொறந்துச்சு. அரை டம்ளர் குடிச்சுது. காரியம்லாம் ஒயுங்கா பண்ணீங்களான்னு கேட்டுச்சு. பண்ணோம்மான்னேன். அப்பால உன் பேரச் சொல்லி அழ ஆரம்பிச்சுது. அப்படியே தூங்கிடுச்சு. காலைல எழுப்புனா எயுந்துக்கல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"நல்லா அழுதாளாடா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா அழுதுச்சுக்கா" என்றான்.